மொய் நோட்டும் ஒரு சாட்சிதான்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை பாக்கி என்றுதான் பேசுவோம். இன்று வேறு ஒரு விஷயம். வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த நம் பெண்கள் கணவனிடம் போய்ச் சேர விசா கேட்கும்போது, "நாங்கள் நிஜமாகவே கணவன் மனைவிதான்" என்று காகிதத்தில் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதங்களை எப்படிச் சேர்ப்பது, எப்படி வைத்துக்கொள்வது என்று பேசப் போகிறோம்.

"இது பணக்காரங்க சமாச்சாரமாச்சே, நமக்கு எதுக்கு" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்வது காதில் விழுகிறது. அப்படி இல்லை அக்கா. நேமம், குத்தம்பாக்கம், வெள்ளவேடு, கண்ணபாளையம் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளிலும் வேலை பழகி, ஐ.டி.ஐ. முடித்து, நர்ஸிங் படித்து, எங்கெங்கோ போகிறார்கள். சம்பந்தமும் அப்படியே கடல் தாண்டிப் போகிறது.

முதலில் நம்மிடையே நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். ஆவடிப் பக்கத்து ஊரில் நம் உறுப்பினர் ஒருவர். பெயரும் வேண்டாம், எந்த நாடு என்றும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கணவர் இல்லை. இட்லிக் கடை வைத்து மகளைப் படிக்க வைத்தவர். மகளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. மாப்பிள்ளை தூரத்து உறவு, வெளிநாட்டில் வெல்டர். திருவேற்காடு கருமாரியம்மன் கோவிலில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மொத்தமே இருபத்தைந்து நாள் லீவு. அதற்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்து, அவர் கிளம்பிவிட்டார். விசாவுக்கு ஒரு ஏஜெண்டைப் பிடித்தார்கள். எட்டு மாதம் கழித்து மறுப்பு வந்தது. இந்தத் திருமணம் உண்மையானது என்று திருப்தி ஏற்படவில்லை என்பது கடிதத்தின் சாரம்.

"அம்மன் சந்நிதியில தாலி கட்டி, சொந்தபந்தத்துக்குச் சோறு போட்டு அனுப்பினேன். இதைப் பொய்யின்னு எழுதியிருக்காங்களே" என்று அந்த அம்மா கடிதத்தோடு நம் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார். மகள் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. ஊரில் அதற்குள் "மாப்பிள்ளை வேணாம்னு சொல்லிட்டானாம்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. அந்தப் பேச்சைத்தான் அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லை.

ஆங்கிலம் தெரிந்த ஒரு டீச்சரை உட்கார வைத்து கடிதத்தை வரி வரியாகப் படித்தோம். மூன்று காரணம் சொல்லியிருந்தார்கள்.

ஒன்று, நிச்சயதார்த்தத் தேதி. மாப்பிள்ளை ஒரு தேதி எழுதியிருக்கிறார், பெண் வேறு தேதி எழுதியிருக்கிறாள். இரண்டுமே உண்மைதான்! மாப்பிள்ளை எழுதியது பூ வைத்த நாள். பெண் எழுதியது தட்டு மாற்றிய நாள். நடுவில் ஆறு வாரம். நமக்கு இரண்டும் வேறு வேறு சடங்கு. விண்ணப்பத்தில் இருப்பதோ ஒரே ஒரு கட்டம்.

இரண்டாவது, கல்யாணப் போட்டோவில் பெற்றோர் யாரும் இல்லை, கூட்டமும் குறைவு. இதைப் படித்தபோது எங்களுக்குச் சுருக்கென்று இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஐந்து மாதம் முன்புதான் இறந்திருந்தார். வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் செய்துவிட வேண்டும் என்று சின்ன அளவில் செய்தார்கள். இரண்டு சம்பந்தியம்மாக்களும் விதவைகள். போட்டோ எடுக்கும்போது இரண்டு பேருமே தூண் பக்கம் ஒதுங்கி நின்றுவிட்டார்கள். பத்து மாதம் சுமந்து பெற்றவள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற இந்த வழக்கத்தைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். அது விசா ஆபீஸ் வரைக்கும் போய் நம் பெண்ணின் காலை வாரிவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. மாமனார் இறந்ததை எழுதலாமா என்று பெண் கேட்டதற்கு, "அதெல்லாம் எழுதாதீங்கம்மா, தேவையில்லாம கேள்வி கேப்பாங்க" என்று ஏஜெண்ட் தடுத்திருக்கிறார்.

மூன்றாவது, கல்யாணத்துக்குப் பிறகு தொடர்பு இருந்ததற்கு ஆதாரம் போதாது. தினமும் ராத்திரி பேசியிருக்கிறார்கள். ஆனால் பெண்ணின் போன் தண்ணீரில் விழுந்து பழசெல்லாம் போச்சு. மாப்பிள்ளை போனில் அத்தனையும் இருந்தது, அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் மாதாமாதம் அனுப்பிய பணம், கல்யாணக் கடன் அடைப்பதற்காக நேராக மாமியார் கணக்குக்குப் போனது. பெண்ணின் கணக்கில் அவர் பெயரில் ஒரு ரூபாய் கூட வரவில்லை.

அந்த அதிகாரி கெட்டவர் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவர் கையில் இருந்த தாள் அப்படித்தான் பேசியது.

இந்தச் சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல சகோதரிகளே. 1979 ஜனவரியில் இந்தியாவிலிருந்து 35 வயது ஆசிரியை ஒருவர், தன்னை மணக்க இருந்தவரைத் தேடி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினார். கல்யாணத்துக்காக வருகிறேன் என்று அவர் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. ஏற்கெனவே கல்யாணம் ஆனவரோ என்று சந்தேகப்பட்டு, டாக்டரை வைத்துக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். பத்திரிகையில் வந்து, இந்தியாவிலும் அங்கேயும் பெரிய எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. குறைந்தது 80 பெண்களுக்கு இப்படி நடந்திருக்கிறது என்பது பல வருஷம் கழித்து, 2011-ல், அந்நாட்டு அரசு ஆவணங்களிலிருந்தே வெளியே வந்தது. அதே நாட்டில், "இந்தத் திருமணத்தின் முக்கிய நோக்கம் இங்கே வந்து குடியேறுவது இல்லை" என்று விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி 1997 வரை இருந்தது. இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? இன்று உடம்பைத் தொடுவதில்லை, காகிதம் கேட்கிறார்கள். கேட்கட்டும். காகிதம் நமக்குப் புதுசா என்ன?

எல்லா நாடும் ஒரே மாதிரி கேட்பதில்லை. வளைகுடா, சிங்கப்பூர் என்றால் பெரும்பாலும் திருமணச் சான்றிதழ், அதற்கு உரிய சான்றொப்பம், கணவரின் சம்பளம் இவைதான் முக்கியம். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா நாலும் சான்றிதழோடு விடுவதில்லை, உறவையே பார்க்கிறார்கள். கனடா சட்டம் இரண்டு கேள்வி கேட்கிறது: திருமணம் உண்மையானதா, குடியேறுவதற்காகவே முக்கியமாகச் செய்யப்பட்டதா. எங்கே சந்தித்தீர்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் நிரப்ப அங்கே தனிப் படிவமே உண்டு. ஆஸ்திரேலியாவில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விதியிலேயே நாலு தலைப்பு போட்டிருக்கிறார்கள்: பணம், குடித்தனம், நாலு பேருக்குத் தெரிந்த உறவா என்பது, எதிர்காலத்தில் சேர்ந்து வாழும் உறுதி. எந்த நாட்டுக்குப் போவதானாலும் இந்த நாலு தலைப்பில் நாலு கவர் போட்டு வைத்தால் வேலை சுலபம். இதுதான் நாங்கள் அந்தப் பெண்ணுக்கும் சொன்னது.

பணம் என்ற கவரைப் பற்றி நமக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெண் பெயரில் ஒரு கணக்கு இருக்கட்டும், கணவர் அனுப்புவதில் ஒரு சிறு தொகையாவது மாதாமாதம் அதில் வரட்டும், பாஸ்புக்கைப் பதிவு போட்டு வையுங்கள். மாமியார் கணக்குக்கோ அம்மா கணக்குக்கோ போனால், ஏன் அப்படிப் போனது என்று ஒரு கடிதம் எழுதி அந்தப் பாஸ்புக் நகலோடு வையுங்கள். குடித்தனம் என்பது சேர்ந்து இருந்த நாட்கள். இருபது நாளே ஆனாலும் பரவாயில்லை. அவர் வந்து போன விமான டிக்கெட், பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை, சேர்ந்து போன திருப்பதி டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இதில் வரும்.

நாலு பேருக்குத் தெரிந்த உறவா என்பதில்தான் நம் வீடுகளில் பொக்கிஷமே இருக்கிறது, நாம்தான் அதைக் குப்பையில் போடுகிறோம். முதலில் பத்திரிகை. ஐநூறு அடித்து ஐந்நூறையும் கொடுத்துவிட்டு, கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. அஞ்சு பத்திரிகை எடுத்து வையுங்கள். அடுத்தது மொய் நோட்டு. யோசித்துப் பாருங்கள், கல்யாணத்தன்று அங்கேயே உட்கார்ந்து, வந்தவர் பெயர், ஊர், தொகை என்று கையால் எழுதிய நோட்டு. அதைவிட நல்ல சாட்சி எது? பின்னால் திருப்பிச் செய்வதற்கு என்று பத்திரமாக வைத்திருப்போம், ஆனால் விசாவுக்குக் காட்டலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தேவையான பக்கங்களை நகல் எடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைக்கலாம். மொழிபெயர்ப்பவர் பெயர், கையெழுத்து, தேதி இருக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளையே செய்து கொடுத்தால் கனடாவில் ஏற்க மாட்டார்கள்.

போட்டோ விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். ஸ்டூடியோக்காரர் கொடுக்கும் ஆல்பத்தைப் பாருங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ரோஜாப்பூவுக்குள் இருந்து எட்டிப் பார்ப்பார்கள். பின்னால் தாஜ்மஹால், இல்லாவிட்டால் பனிமலை. பார்க்க அழகுதான். ஆனால் போகாத இடத்தில் நிற்பது போன்ற படத்தை விசா அதிகாரியிடம் கொடுத்தால் அவர் என்ன நினைப்பார்? ஸ்டூடியோவில் கணக்கு முடிக்கும்போதே, கைவைக்காத படங்கள் அத்தனையையும் பென்டிரைவில் வாங்கிவிடுங்கள். எடுத்த தேதி அதில் பதிந்திருக்கும். நானூறு படம் அனுப்ப வேண்டாம். தாலி கட்டும் படம் ஒன்று, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து நிற்பது ஒன்று, பந்தி ஒன்று, பிறகு மறுவீடு, பொங்கல், ஆடி அழைப்பு, வளைகாப்பு என்று வேறு வேறு நாட்களில் எடுத்தவை. ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள். அம்மாக்கள் தூண் பக்கம் ஒதுங்க வேண்டாம். முன்னால் வந்து நில்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் பேசியதை மூவாயிரம் பக்கம் அச்செடுத்து அனுப்பியவர்களும் உண்டு. யார் படிப்பது? மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கம், தேதி தெரியும்படி, சாதாரணப் பேச்சு போதும். "சாப்பிட்டியா", "அம்மாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு" என்பதுதான் குடும்பப் பேச்சு. அந்தரங்கமானவை வேண்டாம், அந்நிய மனிதர்கள் படிக்கப் போகிறார்கள் என்பது நினைவிருக்கட்டும். போன் மாற்றும் முன் பழைய உரையாடலை மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது, வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இனி சான்றிதழ். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ல் வந்தது. அந்த வருஷம் நவம்பர் 24 முதல் எந்த மதத்தவர் ஆனாலும் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். 90 நாளுக்குள் செய்ய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. மாப்பிள்ளை லீவு தீர்ந்து பறந்துவிட்டால் பிறகு இருவரும் நேரில் போவது கஷ்டம், ஆகவே மண்டபம் பேசும்போதே பதிவுக்கும் நாள் பார்த்துவிடுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் சார்பதிவாளர் அலுவலகங்கள் இருக்கின்றன. கோவில் ரசீது, சர்ச் பதிவேட்டு நகல், நிக்காஹ் பதிவு எதுவானாலும் அதையும் சேர்த்து வையுங்கள். புரோகிதர் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களும் பயப்பட வேண்டாம். 1967-ல் நம் மாநிலம் செய்த சட்டத் திருத்தத்தால் அது முழுமையாகச் செல்லும்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். விசா சீக்கிரம் வேண்டும் என்பதற்காக, கல்யாணமே நடக்காமல் முதலில் சான்றிதழ் வாங்கிவிட்டு, "முகூர்த்தம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள் சில வீடுகளில். சடங்கே நடக்காத இந்துத் திருமணத்துக்குப் பதிவுச் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வெளிநாட்டு விசாவுக்காக இப்படிப் பதிவு செய்யும் பழக்கத்தையும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டுக் கண்டித்திருக்கிறது. பின்னால் அவன் கைவிட்டால், பெண் மனைவியும் இல்லை, கன்னிப்பெண் என்று ஊரும் ஒப்புக்கொள்ளாது.

பெயர் தகராறு இன்னொன்று. ஒரு தாளில் லட்சுமிக்கு எக்ஸ் எழுத்து, இன்னொன்றில் கே எஸ் எச். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் கணவர் பெயர். நமக்கு எல்லாம் ஒரே பெண். அயல்நாட்டு அதிகாரிக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே திருமணப் பதிவிலும் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாறிப் போனவர்கள் நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் பேசிக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளில் தேதி வாரியாக எழுதுங்கள். ஜாதகம் வந்தது, பெண் பார்த்தது, பூ வைத்தது, தட்டு மாற்றியது, கல்யாணம், பதிவு, அவர் கிளம்பியது. சாவு, நோய், வேலை போனது போன்ற கஷ்டங்களையும் எழுதுங்கள். பிறகுதான் படிவத்தைத் தொட வேண்டும். ஏஜெண்ட் நிரப்பிக் கொடுத்தாலும் வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று வங்கியில் சொல்லப் பழகியவர்கள்தானே நாம்.

ஆதாரம் குறைவாக இருக்கிறதே என்று புதிதாகத் தயார் செய்யும் ஆசை வரும். ஏஜெண்டுகளே தூண்டுவார்கள். ஒரே நாளில் நாலு சேலை மாற்றி நாலு பண்டிகை போல் போட்டோ எடுப்பது, பழைய தேதி போட்டுக் கடிதம் எழுதுவது. நம் கூட்டமைப்பிலேயே முன்பு ஒரு குழு, வங்கி மேலாளர் தர மதிப்பீட்டுக்கு வருகிறார் என்றதும் ஆறு மாதத் தீர்மானத்தையும் ஒரே ராத்திரியில் எழுதியது நினைவிருக்கிறதா? ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரு பக்கம் கூடக் கசங்கவில்லை. மேலாளர் நோட்டைத் திறந்தார், சிரித்தார், மூடிவிட்டார். அந்தக் குழுவுக்குக் கடன் கிடைக்க இன்னும் ஒரு வருஷம் ஆனது. விசாவில் இதைவிட மோசம். பொய் ஆவணம் கொடுத்தால் கனடாவில் 5 வருஷம், பிரிட்டனில் 10 வருஷம் வரை தடை விழும். அமெரிக்காவில் போலித் திருமணம் என்று முடிவாகிவிட்டால், பிறகு உண்மையாகவே இன்னொருவரைக் கட்டினாலும் அவர் வழியாகக் குடியேற விட மாட்டார்கள்.

இந்தக் காகிதம் எல்லாம் யார் கையில் இருக்கும் என்பதையும் பேச வேண்டும். பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டுப் பீரோவில். பெண்ணிடம் ஒரு நகல் கட்டாயம் இருக்கட்டும், இன்னொன்று பிறந்த வீட்டில். விசா கிடைத்ததோடு இது முடிவதில்லை. ஆஸ்திரேலியாவில் முதலில் தற்காலிக விசாதான், விண்ணப்பித்து இரண்டு வருஷம் கழித்து நிரந்தரத்துக்கு மறுபடி பார்ப்பார்கள். அமெரிக்காவில், உள்ளே போகும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகாதவர்களுக்கு இரண்டு வருஷ அட்டைதான் முதலில் தருவார்கள். அதை நிரந்தரமாக்கக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அவன் அடிக்கிறான், கையெழுத்துப் போட மறுக்கிறான் என்றால் அவள் தனியாகவும் கேட்கலாம், அதற்கு அங்கே சட்டம் இருக்கிறது. அப்போதும் அவளிடம் கேட்கப் போவது இதே கல்யாணப் போட்டோ, இதே பாஸ்புக்தான்.

சீர் கொடுத்த நகை, பாத்திரத்துக்கும் பட்டியல் வேண்டும். பெண்ணுக்கு வந்த பரிசுகளை யார் கொடுத்தது, என்ன மதிப்பு என்று எழுதி, பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்திட்டு, அந்தப் பட்டியலைப் பெண்ணே வைத்திருக்க வேண்டும் என்று 1985-ல் போட்ட மத்திய அரசு விதியே இருக்கிறது. எத்தனை வீட்டில் செய்கிறோம்? வெளிநாட்டுக் கணவன் கைவிட்டால் புகார் கேட்க தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் தனிப் பிரிவு உண்டு. உள்ளூரில் அனைத்து மகளிர் காவல் நிலையம், 181 உதவி எண் இருக்கின்றன. எங்கே போனாலும் அவனுடைய பாஸ்போர்ட் நகல், வெளிநாட்டு முகவரி, வேலை செய்யும் இடம் கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவற்றைக் கேட்டு வாங்குங்கள். தர மாட்டேன் என்று சொல்லும் மாப்பிள்ளையை நாங்கள் சந்தேகப்படுவோம்.

அந்தப் பெண்ணின் கதையை முடித்துவிடுகிறோம். மறுப்புக் கடிதம் வந்தால் கெடு ஓட ஆரம்பித்துவிடும். கனடாவில் என்றால் அங்கே இருக்கும் கணவர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். நம் பெண்ணின் விஷயத்தில் புதிதாகவே விண்ணப்பிக்கலாம் என்று முடிவானது. இந்த முறை ஏஜெண்ட் இல்லை, ஒரு வக்கீலிடம் ஆலோசனை மட்டும். தேதித் தாளை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பூ வைத்தலும் தட்டு மாற்றுவதும் வேறு வேறு என்று அரைப் பக்கத்தில் விளக்கினோம். மாமனாரின் இறப்புச் சான்றிதழ், அம்மாக்கள் ஏன் போட்டோவில் இல்லை என்று இருவரும் தனித்தனியாகக் கொடுத்த உறுதிமொழி, கோவில் ரசீது, மொய் நோட்டில் ஆறு பக்கம், மாப்பிள்ளையின் போனில் இருந்த பேச்சு, தாயின் பாஸ்புக் எல்லாம் சேர்ந்தது.

அப்போது அந்தக் குழுவின் ஊக்குநர் ஒரு காரியம் செய்தார். குழுவின் தீர்மான நோட்டைத் தேடி எடுத்து வந்தார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு நடந்த கூட்டம். "உறுப்பினரின் மகள் திருமணச் செலவுக்கு ரூ.15,000 உள்கடன் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதி, கீழே பன்னிரண்டு பேர் கையெழுத்து. அதில் மூன்று கைநாட்டு. முந்தைய பக்கத்தில் வேறு ஒருவரின் கறவை மாட்டுக் கடன், அடுத்த பக்கத்தில் சந்தா பாக்கி. அந்தப் பக்கத்தையும் மொழிபெயர்த்து வைத்தோம்.

ஒன்பது மாதம் கழித்து விசா வந்தது. எந்தத் தாளைப் பார்த்து நம்பினார்கள் என்று அவர்கள் எழுதவில்லை. போன ஆவணியில் பெண் கிளம்பினாள். விமான நிலையத்தில் எடுத்த போட்டோவில் இரண்டு அம்மாக்களும் நடுவில் நிற்கிறார்கள்.

வீட்டில் இப்படி விண்ணப்பம் இருப்பவர்கள், மறுப்புக் கடிதம் வைத்திருப்பவர்கள் அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலகத்துக்கு வாருங்கள். பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், பத்திரிகை மூன்றையும் நகலாகக் கொண்டு வந்தால் போதும், அசலை வீட்டிலேயே வையுங்கள். கட்டணம் எதுவும் இல்லை. அந்த இட்லிக் கடை அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, மொய் நோட்டையும் கையோடு எடுத்து வருகிறாராம்.